மட்டையின் சாய்வும் மனிதனின் வயதும்

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதப் புகுந்தால், அது மொழியைப் பற்றியோ மாணவர் ஒழுக்கத்தைப் பற்றியோ இருக்கும் என்றே வாசக அன்பர்கள் எதிர்பார்ப்பர். அந்த எதிர்பார்ப்பில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் இம்முறை நான் எழுத விரும்புவது குழிப்பந்தாட்டத்தைப் பற்றி. அதிலும், முதல் அடிக்குப் பயன்படும் டிரைவர் என்னும் நீண்ட மட்டையைப் பற்றி. இன்னும் குறுக்கிச் சொன்னால், கைவீச்சின் வேகம் தளர்ந்துவிட்ட ஐம்பது அறுபது வயதினர், சாய்வை மாற்றியமைக்கும் வசதியுள்ள டிரைவர் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி. "இது செல்வர் ஆடும் ஆட்டமாயிற்றே, இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று புருவத்தை உயர்த்துவோர்க்கு முதலில் ஒரு சொல்.

தொடர்பு உண்டு, அதுவும் பழைய தொடர்பு. தோல் உறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்தை ஸ்காட்லாந்தியர் நெடுங்காலம் ஆடி வந்தனர். ஒரு பந்து செய்யப் பல மணி நேரம் பிடித்தது, விலையும் மிகுதி. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி என்னும் மருத்துவர், மலாய்க் காடுகளில் கிடைக்கும் 'கெத்தா பெர்ச்சா' என்ற மரப்பாலின் பயனை 1843ஆம் ஆண்டு இலண்டனுக்கு எடுத்துரைத்தார். ஐந்தாண்டுகளுக்குள் அப்பாலில் பந்து உருண்டது. பந்து மலிவானது, ஆட்டம் பரவியது. 1898இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல் இரப்பர் நூலைச் சுற்றிச் சுற்றிப் புதிய பந்தொன்றைச் செய்தார். அந்த இரப்பரைப் பின்னாளில் உலகுக்கு அள்ளி வழங்கிய நாடு எது, விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர் யார் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

தோட்டங்களில் துரைமார் ஆடுவதற்கென ஆறு குழிகளோ ஒன்பது குழிகளோ கொண்ட சிறு மைதானங்கள் இருந்தன. பையைச் சுமக்கவும், புதரில் விழுந்த பந்தைத் தேடவும் நம் பையன்கள் போனார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு 'கேடி' என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது துரைமாருக்குத் தெரியாது. "என் மகன் கேடியாகிவிட்டான்" என்று ஒரு தாய் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுக் கிராணியார் வயிறு குலுங்கச் சிரித்தார் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு கதை உண்டு.

நிற்க. நான் அடிக்கடி ஆடச் செல்லும் ஒன்பது குழி மைதானமும் அத்தகைய ஒரு பழைய தோட்டத்தின் எச்சமே. சுற்றிலும் செம்பனை, ஒரு புறம் வீடமைப்புப் பகுதி. கட்டணம் மிகக் குறைவு. அங்கே என்னோடு ஆடுபவர்களுள் மூத்தவர் ஒருவர் உண்டு. எழுபது வயது. சிறுவனாய் அதே மைதானத்தில் பை சுமந்தவர். பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். ஆதலால் நாங்கள் எல்லாரும் அவரை 'டிரைவர் அண்ணன்' என்றே அழைப்போம். ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர்களுள் அவருக்கு இணையானவர் எங்கள் கூட்டத்தில் இல்லை. எவரும் கற்பிக்காமல், துரைமாரின் தோளசைவைப் பார்த்துப் பார்த்தே கற்றவர். புல்லின் படிவைக் கண்டு பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவர் சொன்னால் அப்படியே உருளும்.

அத்தகையவர் சென்ற ஆண்டு ஒரு நாள், "சார், அந்தக் கொளத்துக்கு மீனுக்கு எர போடற மாதிரி பந்து போட்டுக்கிட்டிருக்கேன். போதும் சார். இனிமே நீங்க ஆடுங்க, நான் சும்மா கூட நடந்து வர்றேன்" என்றார்.

எங்கள் மைதானத்து நான்காம் குழிக்கு முன்னே ஒரு குளம் உண்டு. அடிக்கும் மேட்டிலிருந்து அதன் மறுகரை 130 கஜம். பத்தாண்டுகளுக்கு முன் அண்ணன் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. இப்போது அவர் அடிக்கும் பந்து நேராகச் செல்கிறது, அழகாகச் செல்கிறது, மறுகரைக்குச் சில கஜம் முன்னால் தண்ணீரில் இறங்குகிறது. வாரந்தோறும் அதே இடம். மனைவியை இழந்தபின் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேருடன் பேசிச் சிரிப்பது இந்த மைதானத்தில்தான். 'கூட நடந்து வருகிறேன்' என்பவர் இரண்டு மாதத்தில் வராமலே நின்றுவிடுவார் என்பதை நான் அறிவேன். பள்ளியிலும் இதைக் கண்டிருக்கிறேன். திடலில் ஓடாமல் ஓரத்தில் உட்காரத் தொடங்கும் பிள்ளை, சில நாளில் திடலுக்கே வருவதில்லை.

அவர் கையிலிருந்த மட்டையை வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டில் குடியேறிய மருத்துவர் ஒருவர் போகும்போது கொடுத்துச் சென்றது. தலையின் அடியில் 9 என்ற எண். தண்டில் 'எஸ்' என்ற எழுத்து. அஃதாவது ஒன்பது பாகைச் சாய்வு, விறைப்பான தண்டு. இளங்காளை ஒருவனுக்குத் தைத்த சட்டை அது. அண்ணன் அதைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை ஆண்டு ஆடியிருக்கிறார்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள பொருளை இங்கே சற்று விளக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு அறிவியல் சிறப்புப் பாடமாக இருந்ததால் இப்பகுதியில் சிறிது கூடுதலாகப் பேசிவிட்டால் அன்பர்கள் பொறுத்தருள்க.

மட்டையின் முகம் செங்குத்தாக நிற்பதில்லை. மேல்நோக்கிச் சற்றே மல்லாந்திருக்கும். அந்த மல்லாப்பின் அளவே சாய்வு. அது மிகுந்தால் பந்து உயர எழும். குறைந்தால் தாழப் பறக்கும். தடையற்ற வெளியில் எறியப்பட்ட பொருள் 45 பாகைக் கோணத்தில் எறியப்பட்டால்தான் மிகத் தொலைவு செல்லும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் 45 பாகைச் சாய்வுள்ள மட்டையால் அடித்தால் என்ன? அடிக்கலாம், பந்து கோபுரம்போல் எழுந்து அருகிலேயே விழும். ஏனெனில் சாய்வு மிக மிக, மட்டையின் விசை பந்தை முன்னே தள்ளுவதில் குறைந்து, அதைப் பின்னோக்கிச் சுழற்றுவதில் கூடுகிறது. எனினும் அந்தப் பின்சுழற்சி அறவே வேண்டாததும் அன்று. பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்கிப் பிடிக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890களில் இதை ஆராய்ந்து எழுதினார். அவருடைய மகன் பிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற பெரும் ஆட்டக்காரர். தந்தை தாளில் கணக்கிட, மகன் திடலில் அடித்துக் காட்டிய குடும்பம் அது.

இப்போது வேகத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழில்முறை ஆடவரின் மட்டைத் தலை, பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 115 மைல் வேகத்தில் வருகிறது. தொழில்முறைப் பெண்களுக்கு அது ஏறத்தாழ 94 மைல். நம்மைப் போன்றோர் 70க்கும் 85க்கும் இடையே எங்கேயோ நிற்கிறோம். வேகமாக அடிக்கப்பட்ட பந்துக்குக் காற்றின் தூக்கு தானாகவே மிகுதியாகக் கிடைக்கும். அது தாழ எழுந்தாலும் நடுவழியில் ஏறிக்கொள்ளும். மெதுவாக அடிக்கப்பட்ட பந்துக்கு அந்த உதவி குறைவு. தொடக்கத்திலேயே போதிய உயரத்துடன் எழுந்தால்தான் உண்டு. எனவே, வேகம் குறைந்தவர்க்குச் சாய்வு கூட வேண்டும். 9 பாகை வலுவுள்ளவர்க்கு. 85 மைலுக்குக் கீழே இறங்கிவிட்டால் பத்தரை என்பதே குறைந்த அளவு. 75ஐ நெருங்கினால் 12, 13 என்று போவதில் நாணம் கொள்ள ஒன்றுமில்லை.

இதில் நாணம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வருகிறது, ஐயா! கடைக்குச் சென்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர், முழங்காலில் பட்டை கட்டியவர், "பன்னிரண்டா? அது பெண்கள் அடிப்பது" என்று சொல்லி ஒன்பதைக் கையில் எடுப்பார். குறைந்த எண் வீரத்தின் அடையாளம் என்றொரு மயக்கம் இந்த ஆட்டத்தில் வேரோடிக் கிடக்கிறது. தொழில்முறைப் பெண்களின் வேகத்தை நம்மில் பலர் எட்டவே முடியாது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வீரம் எவ்வளவு நகைப்புக்குரியது என்பது விளங்கும்.

நம் நாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டு ஏடுகளில் "பந்து தாழப் பறந்து, இறங்கியபின் முப்பது கஜம் உருளட்டும்" என்று எழுதுகிறார்கள். அது காய்ந்த தரைக்குப் பொருந்தும். நம் திடல்களில் பெரும்பாலும் பரந்திருப்பது 'கௌ கிராஸ்' என்று நாம் சொல்லும் அகன்ற இலைப்புல். அதன்மேல் மாலைதோறும் மழை. பந்து இறங்கிய இடத்திலேயே சேற்று முத்திரையுடன் அமர்ந்துவிடும். உருளல் என்ற வருமானமே இல்லாத இடத்தில், பறக்கும் தொலைவுதான் கையில் கிடைக்கும் சம்பளம். (ஈரக்காற்று கனமானது, அதனால் பந்து போகவில்லை என்று குறைபடுவோர் பலர். நீராவி உலர்காற்றைவிட இலேசானது. வெப்பமும் காற்றை மெலியச் செய்கிறது. ஆகவே காற்றின்மீது பழி போடுதல் தகாது.)

அண்ணனுக்கு இதையெல்லாம் நான் விளக்கியபோது கடும் முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. பால்வெட்டுக் கோட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னேன், அவ்வளவுதான். ஒட்டுக்கட்டிய இரப்பர் மரத்தில் கோடு 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும்; விதைக்கன்றாய் வளர்ந்த மரத்தில் 25 பாகை. சாய்வு போதாவிட்டால் பால் கோட்டை மீறி வழிந்து வீணாகும். மிகுந்தால் பட்டை வீணாகும். "அப்ப மரத்துக்குத் தகுந்த கோடுன்னு சொல்றீங்க" என்றார். "ஆமாம் அண்ணே." "இத ஏன் சார் இவ்வளவு நாளா யாரும் சொல்லல?" அக்கேள்விக்கு விடை என்னிடம் இல்லை.

சாய்வை மாற்றும் மட்டை என்பது புதிதாய் வந்த வசதி. நெடுங்காலம் டிரைவரின் தலை மரத்தால் ஆனது. பெர்சிமன் என்னும் அந்த மரம் கருங்காலிக்கு உறவு. 1979இல் கேரி ஆடம்ஸ் என்பவர் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் காலவே நிறுவனத்தின் 'பிக் பெர்தா' வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய பீரங்கியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அன்று பூதம்போல் தோன்றிய அத்தலையின் கொள்ளளவு 190 கன சென்டிமீட்டர்தான். இன்றைய தைட்டானியத் தலைகள் 460 வரை பெருத்துவிட்டன. அதற்குமேல் 2004 முதல் விதி இடம் தரவில்லை. அதே ஆண்டில் டெய்லர்மேட் நிறுவனம் இடம் மாற்றக்கூடிய எடைத் திருகுகளைத் தலையில் பொருத்தியது. கழுத்தைத் திருப்பிச் சாய்வையே மாற்றும் அமைப்புக்கு 2008 முதல் விதிகள் வழிவிட்டன. அடுத்த ஆண்டே அத்தகைய மட்டைகள் கடைகளில் தொங்கின.

அமைப்பு எளியது. தண்டு தலைக்குள் நுழையும் கழுத்தில் ஒரு குழல். குழலின் துளை நேராக இல்லாமல் மிகச் சிறிது கோணலாகத் துளைக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள ஒற்றைத் திருகைக் கழற்றி, குழலைச் சுற்றி வேறு நிலையில் வைத்து மீண்டும் முடுக்கினால், தண்டு தலையைப் பிடிக்கும் கோணம் மாறிவிடும். மட்டையோடு தரப்படும் சிறு முடுக்கி, போதிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒலிக்கும். மாற்றத்தின் அளவு செய்நிறுவனத்துக்கேற்ப ஒரு பாகை முதல் இரண்டு பாகை வரை, மேலும் கீழும்.

இங்கேதான் வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உள்ளது. கடைக்காரரும் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கழுத்தைத் திருப்பிச் சாய்வைக் கூட்டினால், சாய்வு மட்டும் கூடுவதில்லை. பெரும்பாலான மட்டைகளில், அதைத் தரையில் அதன் போக்கில் வைக்கும்போது முகமும் சற்றே இடப்புறம் திரும்பி நிற்கும். (வலக்கையர்க்குச் சொல்கிறேன், இடக்கையர் மாற்றிக் கொள்க.) சாய்வைக் குறைத்தால் வலப்புறம் திரும்பும். ஆகவே, பத்தரை என்று பொறித்த தலையைத் திருப்பிப் பன்னிரண்டாக்குவதும், பன்னிரண்டு என்றே பொறித்த தலையை வாங்குவதும் ஒன்றாகா.

நான் அடிக்கும் பந்து வலப்புறம் வளைந்து ஓடும் பழக்கம் உடையது. இந்நாட்டில் ஆடுவோர் பலருக்கும் உள்ள நோய்தான். எனக்குப் பத்தரைத் தலையை வாங்கி ஒன்றரைப் பாகை கூட்டிக் கொள்வது இரட்டை நன்மை. பந்தும் எழும், முகமும் இடப்புறம் பார்ப்பதால் வலப்புற வளைவும் சற்று அடங்கும். டிரைவர் அண்ணனின் நிலை நேர்மாறானது. மட்டையைப் பிடிக்கும் முறையை அவர் எவரிடமும் கற்றதில்லை. இடக்கையை நன்கு மேலே சுற்றிப் பிடிப்பார். அவர் பந்து இடப்புறம் வளையும். கழுத்தைத் திருப்பி அவருக்குச் சாய்வைக் கூட்டினால் பந்து செம்பனைத் தோப்புக்கே போய்ச் சேரும். எனவே அவர் வாங்க வேண்டியது பன்னிரண்டு என்று பொறித்த தலை. கழுத்து இயல்பு நிலையிலேயே இருக்கட்டும். மாற்றும் வசதி அவருக்கு வேண்டாத ஆடம்பரமா என்றால், அப்படியும் இல்லை. எழுபத்தைந்து வயதில் இன்னும் அரைப் பாகை தேவைப்படலாம் அன்றோ?

கோலாலம்பூர் செல்லும் வழியிலுள்ள ஒரு கடைக்கு ஒரு சனிக்கிழமை அண்ணனை அழைத்துச் சென்றேன். பழைய மட்டைகளை வாங்கி விற்கும் பகுதியும் அங்கே உண்டு. வலைக்குள் பந்தை அடித்தால் வேகம், எழுகோணம், சுழற்சி, பறக்கும் தொலைவு ஆகிய அனைத்தையும் திரையில் காட்டும் கருவியும் உண்டு. இவ்வசதி இருக்கும்போது, அளக்காமல் மட்டை வாங்குவது, கண்ணைச் சோதிக்காமல் மூக்குக்கண்ணாடி வாங்குவதற்கு ஒப்பாகும். அண்ணன் முதலில் தயங்கினார். கடையிலிருந்த சீன இளைஞர் மிகவும் மரியாதையாக "அங்கிள், மெதுவா அடிங்க, வீட்டுல அடிக்கிற மாதிரி" என்று மலாயில் சொன்னார். அது நல்ல அறிவுரை. கருவியின் முன் நின்றதும் எல்லாருக்கும் பத்து வயது குறைந்துவிடுகிறது. மூச்சைப் பிடித்து ஓங்கி அடிக்கிறார்கள். அந்தப் பொய் வேகத்துக்கு மட்டையைத் தேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அண்ணனின் வேகம் 72 மைல். என்னுடையது 84. அவருடைய பழைய மட்டையால் அடித்த பந்துகள் சராசரி 124 கஜம் பறந்தன. பன்னிரண்டு பாகைத் தலையும் இலேசான தண்டும் கொண்ட மட்டையைக் கொடுத்தார் இளைஞர். முதல் இரண்டு பந்துகள் சிதறின. மூன்றாவதிலிருந்து 133, 137, 136 என்று திரையில் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "மீட்டர் சரியா இருக்கா, தம்பி?" என்று கேட்டார். முப்பதாண்டு லாரி ஓட்டியவர் அல்லவா!

தண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விறைப்பைக் குறிக்கும் எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 'ஆர்' இன்னொருவருடைய 'எஸ்' போல இருக்கும். ஆகவே எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேகம் குறைந்தவர்க்கு 50 கிராம் அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள, நன்கு வளையக்கூடிய தண்டு பொருந்தும். நீளத்தில் மட்டும் ஒரு சொல். நாற்பத்தைந்தரை அங்குலத்துக்கும் மேலே நீட்டி விற்கிறார்கள். நீண்டால் வேகம் கூடும் என்பது கணக்கு. நடு முகத்தில் படாத பந்துக்கு வேகம் கூடி என்ன பயன்? அரை அங்குலம் குறைத்துப் பிடித்தாலே பலருக்குப் பந்து நடுவில் படத் தொடங்குகிறது. இதற்குக் காசு செலவில்லை.

தலையிலுள்ள எடைத் திருகைப் பின்புறம் வைத்தால் பந்து எளிதில் எழும். நடுவில் படாத அடியையும் மட்டை ஓரளவு மன்னிக்கும். முன்புறம் வைத்தால் சுழற்சி குறையும். அது வேகம் மிக்கவர்க்கு வேண்டியது. நமக்கு வேண்டியது மன்னிப்பு.

விலை என்ற இடத்துக்கு வந்தோம். புது மட்டையின் விலை இரண்டாயிரத்தைந்நூறு வெள்ளிக்கு மேல். அண்ணனின் முகம் வாடியதைக் கண்டு, பழைய பகுதிக்கு அழைத்துச் சென்றேன். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த மட்டைகள் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இருந்தன. 'இவ்வாண்டு மட்டை பத்துக் கஜம் கூடுதல்' என்று விளம்பரங்கள் ஆண்டுதோறும் முழங்குகின்றன. அவற்றையெல்லாம் கூட்டினால் இந்நேரம் நாம் பந்தைச் சிங்கப்பூருக்கு அடித்திருக்க வேண்டும். முகத்தின் துள்ளலுக்கும் தலையின் பருமனுக்கும் விதி உச்சவரம்பு வைத்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன; நிறுவனங்கள் அந்த வரம்பை எப்போதோ தொட்டுவிட்டன. ஆகையால் பழைய மட்டை வாங்குவதில் இழப்பு சொற்பம். போலிகளுக்கு மட்டும் அஞ்ச வேண்டும். கழுத்திலுள்ள தொடர் எண்ணைச் சரிபார்க்காமல், முகவரியில்லாத ஆளிடம் வாங்கலாகாது. வேறோர் ஊரில் என் உறவினர் ஒருவர் வாங்கிய மட்டையின் தலை, இரண்டாம் வாரமே பந்தைவிட அதிகத் தொலைவு பறந்தது.

அண்ணன் அப்போது ஒரு யோசனை சொன்னார். "சார், ஆளுக்கு ஒன்னு எதுக்கு? ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஒன்ன வாங்குவோம். நீங்க அடிக்கும்போது ஒங்க பக்கம் திருகிக்குங்க, நான் அடிக்கும்போது என் பக்கம் திருகிக்கிறேன். அதுக்குத்தானே இந்தத் திருகு?"

கேட்பதற்கு மிக நியாயமாகத்தான் இருந்தது. கூட்டுறவுச் சங்கத் தத்துவமும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் 2019இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிநூலின் நான்காம் விதி இரண்டு வகையிலும் குறுக்கே நிற்கிறது. ஆட்டம் தொடங்கியபின் முடியும்வரை மட்டையின் அமைப்பை மாற்றி அதன் தன்மையை வேறாக்கலாகாது. ஒருவர் ஆடும் மட்டையை அதே மைதானத்தில் ஆடும் இன்னொருவர் எடுத்து அடிக்கவும் கூடாது. எங்கள் நால்வர் ஆட்டத்தில் விதிநூலை எவர் புரட்டப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். டிரைவர் அண்ணனே புரட்டுவார். துரைமாரிடம் அவர் கற்றவற்றுள் நல்லது அது ஒன்று.

அவருக்கு 780 வெள்ளியில் பன்னிரண்டு பாகை மட்டை ஒன்று கிடைத்தது. நான் பத்தரைத் தலையொன்றை எடுத்துக்கொண்டேன். பாதி விலையை நான் கொடுக்க முன்வந்தேன், அவர் ஏற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து, இரப்பர் வளையம் போட்ட நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். மீனுக்கு இரை போட்டது போதும் என்று சொன்ன மனிதர், தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 780 வெள்ளியை எண்ணிக் கொடுப்பதைப் பார்க்கையில், அந்தத் திரையில் தெரிந்த எண்கள் மெய்யாக இருக்க வேண்டுமே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வலைக்குள் பறக்கும் பந்து கணக்குப் பந்து; குளத்தின்மேல் பறக்க வேண்டியது நிஜப் பந்து.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஆடினோம். நான்காம் மேட்டில் அண்ணன் பந்தை வழக்கத்தைவிட உயரமான முளையில் வைத்து, இடக்காலுக்கு நேராகத் தள்ளி வைத்துக்கொண்டார்; மட்டை மேல்நோக்கி எழும்போது பந்தைத் தொட்டால் சாய்வு முழுப் பயன் தரும் என்று கடை இளைஞர் சொல்லியிருந்தார். அடித்தார். பந்து அவருக்குப் பழக்கமில்லாத உயரத்தில் எழுந்தது. "ஐயையோ, வானத்துக்கு அடிச்சிட்டேன்" என்றார். அது சோம்பலாக மிதந்து, குளத்தின் மறுகரையில் இரண்டு மூன்று கஜம் உள்ளே, சேற்றில் 'பொத்' என்று விழுந்து அசையாமல் நின்றது. உருளவே இல்லை. எவரும் கைதட்டவில்லை; எங்கள் கூட்டத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அண்ணன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

எல்லா வாரமும் தாண்டுகிறது என்று சொன்னால் அது பொய். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் உயர எழும் பந்து அதற்குப் பலியாகிறது. அன்று அவர் குளத்துக்கு இடப்புறமுள்ள ஒற்றையடிப் பாதையோரமாக, சிறிய மட்டையால் இரண்டு அடியாகச் சுற்றிப் போகிறார். அதிலும் என்னைவிடக் குறைந்த அடியில் குழியை முடித்துவிடுகிறார் என்பது வேறு செய்தி.

முடுக்கியை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. "கையில இருந்தா திருகத் தோணும் சார். நீங்களே வச்சிருங்க. எழுபத்தஞ்சுல கேட்டு வாங்கிக்கிறேன்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பள்ளி அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில், அவர் பெயரை ஒட்டி வைத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற இன்னும் மூன்றாண்டுகள் உள்ளன. அவருக்கு எழுபத்தைந்தாக ஐந்து. மேசையைக் காலி செய்யும்போது அதை மறவாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.